சீட்டுக்கட்டுக்கும் கவ்வாத்து உண்டு

ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்கு மழை ஹட்டன் மலைகளில் இறங்கிவிட்டால், ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் தோட்டத்து லயங்களில் செய்வதற்கு அதிகம் இராது. விறகு நனைந்திருக்கும். புகை அடுப்படியை விட்டு வெளியேற மறுக்கும். எதிர்மலையை மூடுபனி விழுங்கியிருக்கும். அவ்வேளையில் இஸ்தோப்பிலே சாக்கொன்றை விரித்து நால்வர் அமர, சுற்றிலும் எட்டுப்பேர் நின்று கேட்காத யோசனைகளை வழங்க, 'முந்நூற்று நாலு' ஆட்டம் நடப்பதை மலைநாட்டில் வாழ்ந்தவர்கள் கண்டிருப்பார்கள். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் பிரசித்தமான இவ்வாட்டம் இங்கும் புதிதன்று.

ஆடத் தொடங்குமுன் அவர்கள் செய்யும் ஒரு காரியத்தை நாம் பல்லாண்டுகளாகப் பார்த்திருந்தும் அதைப்பற்றிச் சிந்தித்ததில்லை. 52 சீட்டுள்ள கட்டைப் பிரித்ததும், இரண்டு முதல் ஆறு வரையுள்ள 20 சீட்டுகளைப் பொறுக்கி அப்புறப்படுத்தி விடுகிறார்கள். எஞ்சுவன 32. ஆளுக்கு எட்டுச் சீட்டு. ஜாக்குக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, இராசாவுக்கு 3, இராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. கூட்டினால் ஒரு சாதிக்கு 76. நான்கு சாதிக்கும் 304. ஆட்டத்தின் பெயரே அதன் கணக்கு. இராசாவும் இராணியும் கீழ்நிலையில் நிற்க, சேவகனான ஜாக் முதலிடம் பெறும் இவ்வேடிக்கையை ஐரோப்பாவின் 'ஜாஸ்' வகை ஆட்டங்களிலும் காணலாம். ஒல்லாந்தர் நாட்டிலே இதற்கு உறவான ஆட்டம் இன்றும் ஆடப்படுகின்றது. நம் சிங்கள நண்பர்கள் சீட்டுச் சாதிகளை இஸ்கோப்ப, ஹாரத, ருவித, கலாபர என்று வழங்குவதும் ஒல்லாந்தச் சொற்களின் திரிபே. ஆடுகின்ற 'இஸ்தோப்பு'ம் அந்தப் பாஷை தந்ததுதான்!

அந்த 20 சீட்டுகளை ஏன் நீக்குகிறார்கள் என்று நம்மைச் சிந்திக்க வைத்தது ஒரு தாயின் முறையீடு.

தாயின் கவலை

கொழுந்து நிறுத்துவிட்டு நேரே வந்திருந்தார் அந்த அம்மையார். தலையில் சாக்கு; கையில் குடை. அவருடைய மகன் எம்மிடம் உயர்தரத்தில் கணிதம் பயிலும் மாணவன்.

"சேர், நீங்கதான் அவனுக்குப் புத்தி சொல்லணும். ராவெல்லாம் சீட்ட விரிச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கான். டியூசனுக்குக் குடுத்த காசுல சீட்டு வாங்கியிருக்கான் சேர். அவங்க அப்பாவும் சீட்டாடுறவருதான். ஆனா காசு வச்சி ஆடினதில்ல."

நம் சமூகத்தில் சீட்டு என்ற சொல்லைக் கேட்டதும் சூது என்ற சொல் தானாகவே பின்தொடர்ந்து வந்துவிடும். பாரதக் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு அது இயற்கையே. வள்ளுவரும் சூதுக்கென்று ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார். ஆகவே நாமும் ஒரு நீண்ட உபதேசத்தைத் தயாரித்துக்கொண்டுதான் மாணவனை அழைத்தோம். அவன் கொண்டுவந்து மேசைமேல் வைத்த கட்டைக் கண்டதும் உபதேசம் தொண்டையிலேயே நின்றுவிட்டது. அது நாம் அறிந்த சீட்டன்று.

ஒவ்வொரு சீட்டிலும் ஒரு வண்ணப் படம். படத்தின் கீழ் அச்சீட்டு என்ன செய்யும் என்று நாலைந்து வரிகள். போர்வீரன், மந்திரவாதி, காட்டு விலங்கு, குட்டிச்சாத்தான். நெருப்புக் கக்கும் டிராகன் என்னும் பறவை நாகமும் இரண்டு. 'மெஜிக்: த கெதரிங்' என்பது ஆட்டத்தின் பெயர். கொழும்பில் உள்ள அவனுடைய பெரியப்பா மகன் பழைய சீட்டுகள் கொஞ்சம் கொடுத்திருக்கிறான். மீதியை இவன் வாங்கியிருக்கிறான். மார்கழி விடுமுறையில் கொழும்பில் நடக்கவிருந்த ஒரு போட்டியில் கலந்துகொள்ள வேண்டுமென்பது அவனுடைய ஆசை.

இந்த ஆட்டத்தை ஆக்கியவர் ரிச்சர்ட் கார்பீல்ட் என்னும் அமெரிக்கர். சேர்மானக் கணிதத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர், கல்லூரி ஆசிரியராக இருந்தவர். சிறுவயதில் தகப்பனாரின் தொழில் காரணமாக வங்காளதேசத்திலும் நேபாளத்திலும் வாழ்ந்தவர். 1993ஆம் ஆண்டில் இவருடைய ஆட்டம் வெளிவந்தது. அதுவரை சீட்டுக்கட்டு என்றால் கடையில் வாங்குவது, எல்லாருக்கும் ஒன்றே. கார்பீல்டின் ஆட்டத்திலோ பல்லாயிரம் வகைச் சீட்டுகளிலிருந்து ஒவ்வொருவரும் தமக்கென்று ஒரு கட்டைத் தாமே தெரிந்து அமைத்துக்கொண்டு வரவேண்டும். ஆட்டத்தில் பாதி, அமருமுன்பே வீட்டில் நடந்து முடிந்துவிடுகின்றது என்று கூறினால் மிகையாகாது. ஜப்பானில் 1996இல் வெளிவந்த 'பொக்கெமோன்' சீட்டாட்டமும் இவ்வழி வந்ததே.

விதி சுருக்கமானது. இருவர் ஆட்டம், ஆளுக்கு 20 உயிர்ப்புள்ளி. முதலில் ஏழு சீட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு முறைக்கு ஒன்று. 'நிலம்' என்னும் சீட்டை முறைக்கு ஒன்றுதான் மேசையில் இறக்கலாம். வீரனையோ மந்திரத்தையோ இறக்குவதற்கு நிலத்தைக் கொண்டு விலை கொடுக்க வேண்டும். சிறிய வீரனுக்கு ஒரு நிலம் போதும்; டிராகனுக்கு ஏழு வேண்டும். எதிரியின் இருபது புள்ளியையும் யார் முதலில் பறிக்கிறாரோ அவர் வென்றவர்.

"உன் கட்டில் எத்தனை சீட்டு?" என்று கேட்டோம்.

"தொண்ணூத்தி நாலு சேர். இருக்கிறதெல்லாம் போட்டிருக்கேன்."

குறைந்தது 60 இருக்க வேண்டும் என்பதே போட்டி விதி, கூடினால் தடையில்லை. கையிலுள்ள நல்லனவற்றையெல்லாம் ஏன் விட்டு வைப்பது என்பது அவனுடைய வாதம். முந்நூற்று நாலு ஆடுகிறவர்களை அப்போதுதான் நாம் நினைத்துக்கொண்டோம்.

கத்தியை எடுத்தல்

தேயிலைச் செடியை நான்கைந்து வருஷங்களுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுவதை மலைநாட்டுக் குழந்தைகளுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. கவ்வாத்து முடிந்த மலையைப் பார்க்கிற வெளியூரார், யாரோ தோட்டத்தை நாசம் செய்துவிட்டார்கள் என்றே எண்ணுவர். வெறுங்குச்சிகள்தாம் நிற்கும். ஆனால் வெட்டாத செடி உயர்ந்து மரமாகும். கொழுந்து கைக்கு எட்டாது.

மாணவனுடைய கட்டும் மரமாகிக் கொண்டிருந்தது. ஆகவே கரும்பலகையை இழுத்து வைத்துக்கொண்டு கணக்கிட்டோம். நிலம் தவிர்ந்த ஒரு சீட்டில் நான்கு பிரதிகளுக்கு மேல் கட்டில் வைத்தல் ஆகாது என்பது 1994 முதல் உள்ள விதி. (முதல் ஆண்டில் அக்கட்டுப்பாடு இல்லை. ஒரே பலமான சீட்டில் இருபதை வைத்துச் சிலர் ஆட்டத்தையே கெடுத்தார்களாம். கெட்டிக்காரர்கள் எந்த நாட்டிலும் கெட்டிக்காரர்கள்தாம்!) உனக்கு மிக வேண்டிய சீட்டில் நான்கு இருக்கின்றன என்று கொள்வோம். முதலில் எடுக்கும் ஏழில் அவற்றுள் ஒன்றாவது வருமா? 60 சீட்டுக் கட்டில் நூற்றுக்கு 40 தடவை வரும். 80 சீட்டில் 31. இவனுடைய 94 சீட்டில் 27. சேர்க்கப்படும் ஒவ்வொரு சீட்டும் ஏற்கனவே உள்ள நல்ல சீட்டுக்கு வழிமறித்து நிற்கின்றது. அது கெட்ட சீட்டாக இருக்க வேண்டியதில்லை. இரண்டாந்தரமாக இருந்தாலே போதும்.

முந்நூற்று நாலில் இரண்டும் மூன்றும் செய்த குற்றம் என்ன? ஒன்றுமில்லை. ஆனால் அவற்றை வைத்துக்கொண்டு ஆடினால் ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு வரும். ஜாக்கும் ஒன்பதும் குப்பைக்குள் புதைந்துபோகும். கேள்வி கேட்பதற்கு ஆதாரமான கணக்குத் தளர்ந்துவிடும். இப்போதோ, முதல் நான்கு சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு 160இலிருந்து கேள்வி ஏற்றுகிறவர், துரும்புக்கு நினைத்துள்ள சாதியில் தம்மிடம் இல்லாத ஒன்பது எங்கே இருக்கும் என்று மதிப்பிட முடியும். காணாத சீட்டு 28. அவற்றில் தமக்கு இனி வருவன 4. எதிரே உள்ள கூட்டாளிக்கு 8. ஆகவே அந்த ஒன்பது தம் கட்சியில் இருக்க ஏழில் மூன்று பங்கு வாய்ப்பு. லயத்தில் ஆடுகிற பெரியவர் எவரும் பின்னம் எழுதிப் பார்ப்பதில்லை. எனினும் அவர் கேட்கும் கேள்வி பெரும்பாலும் அந்தப் பின்னத்தை ஒட்டியே இருப்பதைப் பன்முறை கவனித்திருக்கிறோம்.

34 சீட்டுகள் போகவேண்டும் என்றதும் மாணவனின் முகம் வாடியது. ஒவ்வொன்றுக்கும் அவனிடம் ஒரு கதை இருந்தது. இது அண்ணன் கொடுத்தது, இது முதன்முதல் வாங்கியது, இதனால் ஒருமுறை வென்றேன் சேர்... கணிதத்தில் கெட்டிக்காரனான அவனுக்கு எண்கள் விளங்காமலில்லை. எண்கள் விளங்குவது வேறு, கை போவது வேறு.

அடுத்தது நிலக் கணக்கு. 60இல் 24 நிலம் என்பது ஆட்டக்காரர் பலரும் கொண்ட வழக்கம். அப்படியிருந்தால் முதல் ஏழில் நிலம் ஒன்றுமில்லாமலோ ஒன்றே ஒன்று வந்தோ அவதிப்படுவது ஏழு தடவைக்கு ஒரு தடவைதான். இருபதாகக் குறைத்தால் அந்த அவதி நாலு தடவைக்கு ஒரு தடவையாகி விடுகின்றது. நிலம் மிகுந்தாலும் துன்பமே. வயல் இருக்கும், உழவன் இரான். கை பிடிக்காவிட்டால் ஏழையும் கலைத்துப்போட்டு மீண்டும் ஏழு எடுக்கலாம்; ஆனால் அதற்குத் தண்டமாக ஒரு சீட்டைக் கட்டின் அடியில் வைத்துவிட வேண்டும். இந்த நிலக் கணக்கை விரிவாக ஆராய்ந்து எழுதியவர் பிராங்க் கார்ஸ்டன். கலாநிதிப் பட்டம் பெற்ற இவர், இவ்வாட்டத்தில் உலகப் புகழ் பெற்ற வீரரும் ஆவார். அவரும் ஒல்லாந்தர்! அந்நாட்டாருக்கும் சீட்டுக்கும் என்ன உறவோ நாம் அறியோம்.

இப்போது டிராகன்களைப் பற்றிப் பேசவேண்டி வந்தது. முதலாவதாக ஆடுகிறவன் ஏழாம் முறையில் மொத்தம் 13 சீட்டு பார்த்திருப்பான். 24 நிலமுள்ள கட்டில் அப்பதின்மூன்றில் சராசரியாக வருவது ஐந்து நிலத்துக்குச் சற்று மேல். டிராகனுக்கோ ஏழு வேண்டும். பத்தாம் முறை, பதினோராம் முறைவரை கையிலே டிராகனைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். எதிரி காத்திருப்பானா?

குட்டிச்சாத்தான்களின் வெற்றி

எதிரி காத்திருக்கமாட்டான் என்பதற்கு இவ்வாட்டத்தின் வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. ஜே சினைடர் என்பவர் ஒரு கட்டை வகுத்தார். 1996ஆம் ஆண்டு அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் நடந்த ஒரு தகுதிகாண் போட்டியில் போல் ஸ்லை என்பவர் அதை எடுத்துக்கொண்டு போனார். கட்டைப் பார்த்தவர்கள் நகைத்திருப்பார்கள். விலையுயர்ந்த பெருஞ்சீட்டுகளை நம்பாமல், எல்லாருடைய பெட்டியிலும் அடியில் கிடக்கும் குட்டிச்சாத்தான்களையும் அற்ப வீரர்களையும் கொண்டு கட்டிய கட்டு அது. ஆனால் அதில் ஓர் ஒழுங்கு இருந்தது. ஒரு நிலம் கேட்கும் சீட்டு இத்தனை, இரண்டு கேட்பது இத்தனை, மூன்று கேட்பது இத்தனை என்று படிப்படியாக வைத்து, எந்த முறையிலும் ஒரு நிலம்கூட வீணாக நிற்காதபடி வகுத்திருந்தார்கள். எதிரிகள் தங்கள் பெரிய சீட்டுகளை இறக்குவதற்கு நிலம் சேர்த்துக்கொண்டிருக்கையில் சின்னஞ்சிறு சாத்தான்கள் இருபது புள்ளியையும் கொறித்து முடித்தன. ஸ்லை முன்னணிக்கு வந்தார். இன்றும் அவ்வகைக் கட்டுக்கு அவர் பெயரே வழங்குகின்றது.

இக்கதையைக் கேட்டபோது மாணவனுக்கு வந்த உற்சாகத்தை நாம் எளிதில் மறக்கமாட்டோம். அவனிடம் அதிகம் இருந்தவையும் அந்த அற்பச் சீட்டுகள்தாமே! அவற்றைப் பெட்டியின் மூலையில் இரப்பர் வளையம் போட்டுக் கட்டி வைத்திருந்தான். மேசையில் கொட்டினோம். விலை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்தினோம். மூன்று மணி நேரம் போயிற்று. வெளியே மழை விட்டு மீண்டும் பிடித்தது. நிலம் 22 போதும் என்று முடிவாயிற்று. மலிவான சீட்டுகளாதலால் இரண்டு நிலம் கிடைத்தாலே ஆட்டம் நகரும். ஐந்து தடவைக்கு ஒருமுறை கை முடங்குவதைப் பொறுத்துக்கொள்ளலாம். டிராகன் இரண்டும் வெளியே போயின. முழுக்கட்டு 60.

வீட்டுக்குப் போன மாணவன் மறுநாள் வந்து, "ஒரே ஒரு டிராகன் மட்டும் இருக்கட்டும் சேர், அறுபத்தொண்ணா இருக்கட்டும்" என்றான். அறுபத்தோராவது சீட்டினால் நட்டம் நூற்றில் அரைப்பங்கு, அவ்வளவுதான். நாம் ஒன்றும் பேசவில்லை.

பத்து ஆட்டம் சான்றாகுமா?

கட்டு அமைந்தால் போதாது, பரீட்சிக்க வேண்டும். மாணவன் தன் தம்பியை எதிரியாக அமர்த்தி, கொப்பித் தாளை வெட்டி எதிரியின் சீட்டுகளைப் பென்சிலால் எழுதிக்கொண்டு, பத்து ஆட்டம் ஆடினான். ஆறு வென்றேன் என்று பெருமிதத்துடன் வந்தான். ஒரு நாணயத்தைப் பத்து முறை சுண்டினால் ஆறோ அதற்கு மேலோ தலை விழுவதற்கு நூற்றில் 38 பங்கு வாய்ப்பு உண்டு என்பதைக் கணக்கிட்டுக் காட்டினோம். அதாவது கட்டில் ஒரு சிறப்பும் இல்லாவிட்டாலும் ஆறு வெற்றி வந்திருக்கலாம். அவன் கொப்பியைத் திறந்து மேலும் கோடுகள் கிழித்துக்கொண்டான்.

இதில் நம் மலைநாட்டுக்கு ஒரு பழைய உரிமை உண்டு என்பதை இங்கே சொல்லாமல் விட மனமில்லை. 1925இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையில் இருப்பதை நாம் அறிவோம். புதிய உரமோ புதிய செடியோ நல்லதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு மலையில் இட்டுப் பார்த்து, கொழுந்து கூடியது என்றால் அது உரத்தினாலா, மழையினாலா, மண்ணினாலா? நிலத்தைச் சிறு பகுதிகளாக வகுத்து, எதற்கு எதை இடுவது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்து, பலமுறை திரும்பச் செய்து ஒப்பிட வேண்டும் என்று 1920களில் இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட் பண்ணையில் வகுத்தவர் ரொனால்ட் பிஷர். அவருடன் சேர்ந்து ஆய்வுக் கட்டுரை எழுதிய ஈடன் என்பவர் பின்னர் நம் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் வந்து பணிபுரிந்து, தேயிலை வயற் பரிசோதனைகளில் நேரும் பிழைகளைப்பற்றி 1931இல் எழுதினார். சீட்டைக் குலுக்கிப் போட்டு உண்மையைத் தேடும் அந்த வித்தை, நம் மாணவன் அமர்ந்திருந்த மேசைக்குச் சில மைல் தூரத்திலேயே சென்ற நூற்றாண்டில் பயிலப்பட்டிருக்கிறது!

ஒரு சமயத்தில் ஒரு மாற்றமே செய்யவேண்டும் என்பது கட்டு அமைப்பவனுக்கு இன்னொரு பாடம். தோற்ற கோபத்தில் ஐந்து சீட்டை ஒன்றாக மாற்றிவிட்டால் எது குணப்படுத்தியது, எது கெடுத்தது என்று யாருக்கும் தெரியாது. இதை மாணவனுக்கு நாம் சொல்லவில்லை. மூன்றாம் வாரத்தில் அவனே வந்து எமக்குச் சொன்னான்.

மூடிய உறை

இனித் தாயாருடைய புகாருக்கு வருவோம். அவர் அஞ்சியது வீண் அச்சமன்று. சூது இருந்தது, ஆனால் அது ஆட்டத்தில் இல்லை, கடையில் இருந்தது.

இச்சீட்டுகளை மூடிய உறைகளில் விற்கிறார்கள். ஓர் உறையில் பதினான்கு சீட்டு அளவில் இருக்கும். பெரும்பாலானவை சாதாரணம், அரிய சீட்டு ஒன்றோ, அதிர்ஷ்டமிருந்தால் இரண்டோ. உள்ளே என்ன இருக்கிறது என்பது பிரிக்கும்வரை தெரியாது. ஒரு வெளியீட்டில் அரிய சீட்டுகள் ஐம்பது, அறுபது வகை இருப்பதால், குறித்த ஒன்றை நாடி ஓர் உறையைப் பிரிக்கிறவனுக்கு அது கிடைப்பது ஏறக்குறைய அறுபதில் ஒரு வாய்ப்பு. அமெரிக்காவில் ஓர் உறையின் விலை ஐந்து டொலர் அளவில். டொலருக்கு 300 ரூபா என்று வைத்தால் 1,500 ரூபா. 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் தோட்டத் தொழிலாளருக்கு நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. அட்டைக்கடியிலும் மழையிலும் நின்று ஒருநாள் முழுவதும் பறித்த கொழுந்துக்கு அச்சம்பளத்தில் ஓர் உறைகூட வந்திராது.

இக்கணக்கைக் கரும்பலகையில் எழுதியபோது மாணவன் தலைகுனிந்தான். அவன் பிரித்த உறைகள் ஆறு. நாம் கோபிக்கவில்லை, அவன் அம்மாவின் ஆறு நாளைக் கூட்டிப்பார் என்றும் சொல்லவில்லை. அவனே கூட்டிவிட்டான் என்பது முகத்தில் தெரிந்தது.

பெற்றோர்களுக்கும் மாணவர்களுக்கும் நாம் சொல்லக்கூடியது இது. கட்டு அமைக்கும் வித்தைக்கு உறை பிரிக்கும் வித்தை தேவையேயில்லை. வேண்டிய சீட்டைத் தனியாகவே வாங்கலாம். சாதாரணச் சீட்டுகள் தனியே மிக மலிவு. சாதாரணச் சீட்டுகளை மட்டும் கொண்டு ஆடும் 'போப்பர்' என்னும் பிரிவும் உண்டு. அதன் பொருள் ஏழை என்பது. 2019இல் அதை உற்பத்தியாளரே அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டனர். வீட்டில் பழகுவதற்குக் கொப்பித் தாளில் எழுதிய சீட்டே போதும். உலகப் போட்டிக்குப் போகிறவர்களும் அப்படித்தான் பழகுகிறார்கள். இன்னும் ஒன்று: கார்பீல்ட் 1996இல் ஆக்கிய 'நெட்ரன்னர்' என்னும் மற்றோர் ஆட்டத்தை, கம்பனிகள் கைவிட்ட பிறகு, 'நல் சிக்னல் கேம்ஸ்' என்ற ஆர்வலர் குழு வளர்த்து வருகின்றது. அவர்கள் தம் சீட்டுகளை எவரும் இலவசமாக அச்சிட்டுக்கொள்ளலாம் என்றும், அச்சிட்டவற்றையே தங்கள் போட்டிக்கும் கொண்டுவரலாம் என்றும் அனுமதித்திருக்கிறார்கள். பணமுள்ளவன் கட்டு, இல்லாதவன் கட்டு என்ற பேதம் அங்கே இல்லை.

இவற்றையெல்லாம் அந்த அம்மையாரிடம் விளக்கினோம். எவ்வளவு விளங்கியதோ தெரியாது. "காசு வச்சி ஆடுறது இல்லையே சேர்?" என்று மாத்திரம் மூன்று தடவை கேட்டார். இல்லை என்றோம். "அப்ப போயிட்டு வரட்டும்" என்றார். டியூசன் பணத்தை மாணவன் விடுமுறையில் ஒரு கடையில் நின்று உழைத்துத் திருப்பிக் கொடுப்பது என்று ஏற்பாடாயிற்று. போட்டிக்கு மெய்ச்சீட்டே வேண்டும் என்பதால், குறைந்த ஐந்தாறு சாதாரணச் சீட்டுகளைக் கொழும்பு அண்ணன் இரவல் தந்தான்.

ஐந்து சுற்று

மார்கழியில் ஒரு சனிக்கிழமை அதிகாலை ஹட்டனிலிருந்து பஸ் ஏறினான். போட்டி சதுரங்கத்தில் வழங்கும் சுவிஸ் முறையிலேயே நடந்தது. தோற்றவரை வெளியேற்றுவதில்லை, சமமான புள்ளி பெற்றவர்களை அடுத்த சுற்றில் மோத விடுவார்கள். ஒவ்வொரு சுற்றிலும் மூன்றில் இரண்டு ஆட்டம் வெல்ல வேண்டும். முதலாட்டம் முடிந்ததும், பக்கத்தில் வைத்திருக்கும் 15 சீட்டுகளிலிருந்து எதிரிக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம். அந்தப் பதினைந்தைப்பற்றி நாம் போதிய கவனம் எடுக்கவில்லை. அதனால் ஒரு சுற்றுப் போயிற்று என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரண்டு சுற்று வென்று மூன்று தோற்றான். தோற்றவற்றுள் ஒன்று கடைசிப் புள்ளிவரை போனது. எதிரே இருந்தவர்களில் ஒருவர் வங்கி உத்தியோகத்தர். இன்னொருவர் பல்கலைக்கழக மாணவர். குட்டிச்சாத்தான்களைக் கண்டு அவர்கள் சிரித்தார்களா என்று கேட்டோம். "மொத ஆட்டத்துல சிரிச்சாங்க சேர்" என்றான்.

திங்கட்கிழமை பாடசாலை விடுமுறையாதலால் அவனுடைய லயத்துக்கே போயிருந்தோம். அம்மையார் பிளேன்டீயும் றொட்டியும் வைத்தார். இஸ்தோப்பில் தகப்பனார் தம் தோழர்களுடன் முந்நூற்று நாலு ஆடிக்கொண்டிருந்தார். நீக்கிய இருபது சீட்டுகளில் சில, புள்ளி எண்ணுவதற்காக முழங்காலருகே கிடந்தன. மாணவன் தன் கட்டிலிருந்து டிராகனை உருவி எம்முன் வைத்தான்.

"ரெண்டு தடவ கைக்கு வந்திச்சி சேர். ஒரு தடவ நாலு நெலத்தோட நின்னு, இத கையில வச்சிக்கிட்டே செத்தேன். இன்னொரு தடவ ஆட்டம் இழுத்துக்கிட்டுப் போயி, இதுதான் ஜெயிச்சிக் குடுத்திச்சி. எடுக்கிறதா, வைக்கிறதா?"

இரண்டு தடவையைக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது என்று நாம் தொடங்குமுன், கையிலுள்ள சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே தகப்பனார், "சேர், மொதல்ல அவன கொப்பிய எடுத்துக்கிட்டு வரச் சொல்லுங்க" என்றார்.